உனக்கு நடக்காமல் போன முதல் கல்யாணம்

அன்புள்ள கார்த்திக்,

நேற்று போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில், "அம்மா, மண்டபத்த மட்டும் நீ போயிப் பேசாத, நானும் திவ்யாவும் பாத்துக்கிடுதோம்" என்று சொன்னாய். பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த உன் அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறி, தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்து ஆளை மீட்க வேண்டியதாயிற்று. இந்த ஊரில் உனக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் நின்று போயிருக்கிறது என்பதும், அதற்கு மண்டபம் பேசியது நான்தான் என்பதும் உனக்குத் தெரியும். ஏன் பேசினேன் என்பது மட்டும் தெரியாது. கேட்டபோதெல்லாம் "கேஸ் முடியட்டும்ப்பா, சொல்லுதேன்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கேஸ் முடிந்துவிட்டது. ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டப் போகிறவன், தன் முந்தைய கல்யாணத்தைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொண்டு போவதுதான் முறை. திவ்யாவுக்கும் படித்துக் காட்டு. மன்னிப்புக் கேட்பதற்காக இதை நான் எழுதவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் வேலையைப் பற்றி உன்னிடம் நான் உட்கார்ந்து பேசியதே இல்லை. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்கம்மா மத்தவங்க சண்டைக்குப் போவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்கு மேலே எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம். கீழே பால் சுண்டச் சுண்ட, மேலே எங்கள் கேஸ் கட்டுகளெல்லாம் இனிப்பாக மணக்கும். டீக்கடையில் தனி டம்ளர் கொடுத்தார்கள், சுடுகாட்டுப் பாதையை அடைத்தார்கள், மாசமாக இருக்கிறாள் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்று படியேறி வருகிறவர்களுக்காகக் கோர்ட்டில் நிற்பதுதான் எங்கள் வேலை. எல்லாரும் அழுதுகொண்டே வருவார்கள் என்று நீ நினைத்திருப்பாய். பாதிப் பேர் கோபமாகத்தான் வருவார்கள். அந்தக் கோபத்தில் கொஞ்சம் எங்கள் மேலும் விழும், படி இம்புட்டு செங்குத்தாக இருக்கிறதே என்று.

பேச்சியக்காவும் அப்படித்தான் வந்தார். நம் ஊர் ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறவர். மூத்த மகள் முத்துலட்சுமிக்கு மாப்பிள்ளை அமைந்து, முகூர்த்தத் தேதியும் குறித்தாயிற்று. அன்று காலையில் ராஜபாளையத்தில் மண்டபம் பேசப் போயிருக்கிறார். பெரிய மண்டபம். பெயர் வேண்டாம், மஹால் என்று வைத்துக்கொள். அங்கே மேனேஜர் குருசாமி அண்ணாச்சி சிரித்த முகமாக உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தேதியைக் கேட்டுவிட்டு, "ஆகட்டும், எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறார். அக்கா தன் காலனியின் பெயரைச் சொன்னார். அண்ணாச்சி காலண்டரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அடடா, அந்தத் தேதி புக்காயிருச்சே தாயி" என்றாராம். அதற்கடுத்த முகூர்த்தம் கேட்டார், அதுவும் புக். அடுத்த மாதம் கேட்டார், அதுவும் புக். எரிச்சலில், "ஆடி மாசமாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். நம் பக்கத்தில் யாருமே கல்யாணம் வைக்காத ஆடி மாதமும் முழுசாகப் புக்காகிவிட்டது என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

"தேதியச் சொன்னப்ப காலியா இருந்த மண்டபம், தெருவச் சொன்னதும் நெறஞ்சு போச்சு மேடம்," என்றார் அக்கா. அங்கிருந்து நேரே பஸ் ஏறி எங்களிடம் வந்திருந்தார். "அங்க எம்புட்டு கல்யாணத்துக்குப் போயிச் சாப்பிட்டிருப்பேன். தறியில கூட வேலை பாக்கவிய வீட்டு விசேஷம் பூராம் அங்கதான். போனா வாங்கன்னு கூப்பிட்டு எலை போடுதாக. நான் நாலு பேரக் கூப்பிடணும்னா மட்டும் எடமில்லையாம்."

சாதி பார்த்து இடம் மறுப்பது குற்றம், போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். அக்கா யோசித்தார். "அண்ணாச்சிய உள்ள வச்சிட்டா மண்டபத்த யாரு தொறந்து விடுவா? எனக்கு அவர் ஜெயிலுக்குப் போக வேண்டாம். மண்டபம் வேணும்," என்றார். எங்கள் வேலையில் இது முக்கியம் கார்த்திக். வருகிறவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்த சட்டப் பிரிவையெல்லாம் அவர் தலையில் கொட்டக் கூடாது. சரி, மண்டபத்தைக் கேட்டே சிவில் கேஸ் போடுவோம் என்று முடிவு செய்தோம். ஆனால் தேதி நிஜமாகவே புக்காகிவிட்டது என்று அவர்கள் கோர்ட்டில் சொன்னால் என்ன செய்வது? அதற்கு ஒரு வழி உண்டு. அதே நாளில், அதே தேதிக்கு, வேறு தெருக்காரர் ஒருவர் போய்க் கேட்க வேண்டும். அவருக்குக் கிடைத்துவிட்டால் விஷயம் வெட்டவெளிச்சம்.

கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் என் தோழி சாயங்காலம் போய்க் கேட்பதாக ஏற்பாடு. நான் மஹாலுக்கு எதிரே, பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அவள் வந்த கல்லூரி பஸ் வழியில் பிரேக்டவுன். இனி இன்றைக்கு வந்து சேர மாட்டேன் என்று போன் பண்ணிவிட்டாள். மஹால் ஆபீஸை அடைக்கிற நேரம் நெருங்கிவிட்டது. நாளைக்குப் போய்க் கேட்டால், இடையில் யாரோ கேன்சல் பண்ணினார்கள் என்று சொல்லிவிடுவார்கள். நான் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். கடந்தபோது நான் வக்கீலாக யோசிக்கவில்லை. அதன் பலன் பின்னால் வந்தது.

"அடடே, கரண்ட் சார் வீட்டம்மால்லா," என்று எழுந்து நின்றார் குருசாமி அண்ணாச்சி. உன் அப்பா மின்வாரியத்தில் இருந்த காலத்தில் அந்த மண்டபத்துக்கு டிரான்ஸ்பார்மர் வைத்துக் கொடுத்தவர், அதனால் அவரைத் தெரியும். நான் கோர்ட்டுக்குப் போகிறவள் என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. எங்கேயோ டீச்சர் என்று நினைத்திருந்தாராம். பையன் கல்யாணத்துக்கு என்று சொல்லி, பேச்சியக்கா கேட்ட அதே தேதியைச் சொன்னேன். "தாராளமா," என்றார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அவருக்கு அது தெரியும். எனக்குக் கோபம் வந்ததா, வெட்கமாக இருந்ததா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ள பேரு?" என்றார். கார்த்திக் என்றேன். "பொண்ணு பேரு?" என்றார். இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. "பொறவு சொல்லுதேனே," என்றேன். அண்ணாச்சி பேனாவை மூடிவைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி, குரலைத் தாழ்த்தி, "லவ்வா?" என்றார். நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை அவர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.

நான் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. எதிர்வீட்டம்மா வாசலிலேயே மறித்து, "கார்த்திக்குக்குப் பெள்ளியாமே, கல்யாணத்தச் சொல்லவே இல்லையேண்டி," என்று தெலுங்கும் தமிழுமாகக் கோபித்துக்கொண்டார். உன் அப்பா டீக்கடையில் கேள்விப்பட்டு, பாதி டீயை வைத்துவிட்டு வந்திருந்தார். தேவதானத்து அத்தை அதற்குள் உனக்கே போன் போட்டு, கூறைப்புடவை அரக்கா பச்சையா என்று கேட்டுவிட்டாள். நீ என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, எனக்குக் கல்யாணமா?" என்றாய். குரலில் பயம் இருந்தது. உண்மையைச் சொல்கிறேனே, கொஞ்சம் ஆசையும் இருந்தது. இல்லப்பா என்றேன். "அப்ப அத்தை?" என்றாய். கேஸ் முடியட்டும் என்று நான் முதலில் சொன்னது அன்றைக்குத்தான். உன்னையும் சாட்சியாகக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். உன்னிடம் சொன்னால் அத்தையிடம் சொல்வாய் என்பது அதைவிடப் பெரிய பயம்.

அப்பாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர், பெண் யாரென்று தெரியாத ஏமாற்றத்தில் இருந்தார். பிறகு பேச்சியக்கா கதையைக் கேட்டதும், "அந்த டிரான்ஸ்பார்மர நான்தான வச்சேன். கரண்டு என்ன தெருக் கேட்டா போகுது?" என்றார். பிறகு மறுபடியும் டீக்கடைக்குப் போய்விட்டார். அங்கே கேட்டவர்களிடமெல்லாம், "பொம்பளைக பேசி முடிப்பாக, நமக்கு என்ன தெரியும்," என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்குச் செய்த உதவிகளில் இதைப் பெரிதாக நினைக்கிறேன். அவருக்குப் பொய் சொல்லவே வராது. அதனால் இப்படி ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்திருந்தார்.

மறுநாள் பேச்சியக்காவிடம் நான் ஒரு யோசனை சொன்னேன். கேஸ் ஒரு பக்கம் நடக்கட்டும், தேதி இப்போது என் பெயரில் இருக்கிறது, நீங்களே அந்த மண்டபத்தில் கல்யாணத்தை நடத்திவிடுங்கள், மாலையும் கழுத்துமாக உள்ளே போன பிறகு யார் வெளியேற்ற முடியும் என்றேன். எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க பேர்ல வாங்குன மண்டபத்துக்குள்ள எம் மகள ஒளிச்சா கூட்டிட்டுப் போகச் சொல்லுதீக?" என்றார். அந்த யோசனையை அத்தோடு விட்டுவிட்டேன். இதை உனக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்குத் திவ்யாவுக்கோ, அவள் வீட்டாருக்கோ, யாருக்கோ நீ ஒரு நல்லது செய்யப் போவாய். நீ கொடுப்பதை அவர்கள் நிமிர்ந்து நின்று வாங்க முடியுமா என்று ஒரு நிமிஷம் பார். முடியாதென்றால், கொடுக்கிற விதத்தை மாற்று.

மஹாலுக்கு எங்கள் வீட்டு விசேஷம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தத் தேதியை அக்காவுக்கே கொடுக்கச் சொல்லிக் கேஸ் போட்டோம். அவசர உத்தரவு கேட்டோம். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாய்தா, பதில் தயாராகவில்லை என்று ஒரு வாய்தா, நீதிபதிக்கு மாறுதல் வந்ததால் ஒரு வாய்தா. முகூர்த்தம் கோர்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. முத்துலட்சுமியின் கல்யாணம் காலனியிலேயே சாமியானா போட்டு நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மேற்கே மலையிலிருந்து மழை இறங்கியது. நானும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் ஒரு பெரிய அண்டா மூடியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு சாம்பாருக்குக் குடை பிடித்தோம். கேசரி மட்டும் நனைந்து பாயசமாகிவிட்டது. அதையும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துச் சமாளித்தார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். திரும்பி வரும்போது மஹால் வழியாக வந்தேன். கேஸில் இருக்கிற தேதி என்று யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்தார்கள். வாசலில் இரண்டு நாய்கள் மழைக்கு ஒதுங்கிப் படுத்திருந்தன. நான் பஸ் ஸ்டாப்பில் நின்று கொஞ்சம் அழுதேன். வக்கீல்கள் அழக் கூடாதென்று சட்டம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது. அந்த வருஷங்களில் உன் பேர் இந்த ஊரில் பட்ட பாட்டை நீ அறிய மாட்டாய். நான் விசேஷம் இல்லை என்று எழுதிக் கொடுத்ததைக் குருசாமி அண்ணாச்சி, கல்யாணம் நின்றுவிட்டது என்று புரிந்துகொண்டார். அவருக்கு மனசு தாங்கவில்லை. ஆறுதல் தேடி ஊர் முழுக்கச் சொன்னார். பெண் ஓடிவிட்டாள் என்றார்கள் சிலர். நீ ஓடிவிட்டாய் என்றார்கள் சிலர். பெங்களூரில் உனக்கு ஏற்கெனவே குடும்பம் இருப்பதாகவும், இரண்டு பிள்ளைகள் என்றும் ஒரு பேச்சு. தளவாய்புரத்துக் கல்யாணத் தரகர் ஒருவர் நேராக வீட்டுக்கே வந்து, காபி குடித்துவிட்டு, "தம்பிக்கு உடம்புல ஏதும் குறையாம்மா? எதுன்னாலும் சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி எடம் பாப்போம்," என்று பரிவோடு கேட்டார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். சிரிக்கப் போனாரா, அடிக்கக் கட்டை தேடிப் போனாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருவழியாகச் சாட்சி விசாரணை வந்தது. ரோட்டைக் கடந்தபோது நான் யோசிக்காமல் விட்டதன் பலன் இங்கேதான் வந்து நின்றது. மண்டபம் கேட்டுப் போனவள் நான். அதனால் சாட்சியும் நான். ஒரு கேஸில் சாட்சியாக நிற்கிற வக்கீல் அதே கேஸில் வாதாடக் கூடாது. ஆகவே கேஸை என் ஜூனியர் ஜெயராணி நடத்த வேண்டியதாயிற்று. அவள் அதுவரை கோர்ட்டில் உரக்கப் பேசியது, வாய்தா கேட்பதற்கு மட்டும்தான். முதல் நாள் சாட்சிக் கூண்டில் நான் ஏறி நின்றபோது, என்னைவிட அவளுக்குத்தான் அதிகமாக வியர்த்தது.

என்னைக் குறுக்கு விசாரணை செய்தவர் மஹால் தரப்பு வக்கீல் ராமசுப்பு சார். நல்ல மனிதர். உன் கல்யாணச் செய்தியைக் கேட்டு அந்தக் காலத்தில் எனக்கு வாழ்த்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அந்த வாழ்த்து வீணாய்ப் போன வருத்தம் அவருக்கு இருந்தது.

"உங்களுக்கு மகன் இருக்கிறாரா?" என்றார்.

"இருக்கிறான்."

"சம்பவ தினத்தில் அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்ததா?"

"இல்லை."

"மணமகள் என்று யாராவது இருந்தாரா?"

"எனக்குத் தெரிந்து இல்லை."

"அப்படியானால் இல்லாத கல்யாணத்துக்குப் பொய் சொல்லி மண்டபம் கேட்டிருக்கிறீர்கள்."

"மகனுக்குக் கல்யாணம் வைக்க வேண்டும், இந்தத் தேதியில் மண்டபம் இருக்குமா என்றுதான் கேட்டேன். வைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவன்தான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறான்," என்றேன்.

கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பையனுக்கு என்ன வயசும்மா? எங்க வேலை பாக்குறார்?" என்று கேட்டார். அது கேஸுக்காகக் கேட்டதா, பொதுவாகக் கேட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சத்தியம் செய்து ஏறியவள் நான், பதில் சொன்னேன். எழுத்தர் அதையும் எழுதிவிட்டார். உன் வயது, படிப்பு, பெங்களூர் வேலை எல்லாம் நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. கூண்டைவிட்டு இறங்கி வெளியே வந்ததும், அங்கே வேலை பார்க்கும் ஒருவர் பின்னாலேயே வந்து, தன் அக்கா மகளின் ஜாதகத்தை அனுப்பட்டுமா மேடம் என்று கேட்டார். கேஸ் முடிகிறவரை எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதே என்று சாட்சிகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்போம். கோர்ட்டுக்கு அது நல்லது. வீட்டில் அதைச் செய்யாதே. நான் சில வருஷங்கள் உன் அப்பாவிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்." "தலைவலியா?" என்றால் "இல்லை." ஒருநாள் அவர், "நான் அடுத்து என்ன கேக்கணும்னு நீயே எழுதிக் குடுத்துரு," என்றார். திவ்யா கேட்காததையும் நீயாகச் சொல்.

அடுத்த வாய்தாவில் குருசாமி அண்ணாச்சி கூண்டில் ஏறினார். சாட்சிகள் முறை வரும்வரை வெளியே இருக்க வேண்டும் என்பதால், நான் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. அந்தத் தேதியைக் காலையில் வேறொருவர் எடுத்திருந்தார், மதியம் கேன்சல் செய்தார், அதனால்தான் சாயங்காலம் எனக்குக் கிடைத்தது என்று அவர் பெயரில் ஒரு வாக்குமூலம் தாக்கல் செய்திருந்தார்கள். நாங்கள் பயந்தது போலவேதான். ஜெயராணி எழுந்தாள். கேன்சல் செய்தவர் பெயர் என்ன என்று கேட்டாள்.

"கேன்சலா?" என்றார் அண்ணாச்சி. "யாரு பண்ணா?"

"உங்க வாக்குமூலத்துல இருக்கே."

"அது வக்கீல் சார் எழுதுனது தாயி. தேதி சும்மாத்தான் கெடந்துச்சு."

ராமசுப்பு சார் மேஜை மேலிருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதே என்று ஜெயராணிக்கு நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவள் கேட்டாள். "சும்மா கிடந்த தேதியை மேடத்துக்கு மட்டும் ஏன் கொடுத்தீங்க?"

"கரண்ட் சார் வீட்டுக் கல்யாணம்லா. எனக்கு ஒரே சந்தோசம். பெரிய சமையக்காரர்ட்டச் சொல்லி வச்சேன். மேளத்துக்கும் சொல்லிட்டேன்," என்றார்.

"காலையில வந்த பேச்சியம்மாளுக்கு ஏன் கொடுக்கல?"

அண்ணாச்சியின் முகத்திலிருந்து சந்தோஷம் வடிந்து போனதை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். "அந்தத் தெருன்னா புக்காயிருச்சுன்னு சொல்லிரணும். அப்பிடித்தான் வழக்கம். பெரியவிய சொல்லுவாக, நான் சொல்லிருவேன்," என்றார். பெரியவர்கள் என்பது மஹாலின் நிர்வாகிகள். அவர்களில் ஒருவர் எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே போய்விட்டார். நீதிபதி அண்ணாச்சியின் பதிலை வார்த்தைக்கு வார்த்தை எழுதச் சொன்னார். விசாரணை முடிந்தது, இறங்கலாம் என்றார்கள். அண்ணாச்சி இறங்கவில்லை. நான் எதற்காக மண்டபம் கேட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தவராக, கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடிப் பார்த்து, "ஏம்மா, கல்யாணம் நின்னு போச்சுன்னுல்லா நெனச்சேன். அப்ப அந்தத் தம்பிக்கு ஒரு பொண்ணே கெடையாதா?" என்றார். இந்தக் கேள்வி மட்டும் பதிவாகவில்லை.

அவர் கெட்டவர் இல்லை கார்த்திக். உனக்காக அவர் பட்ட வருத்தம் நிஜம். ஆனால் பேச்சியக்காவிடம் சிரித்த முகத்தோடு தண்ணீர் கொடுத்துவிட்டு, ஆடி மாதமும் இல்லை என்று சொன்னதும் அதே வாய்தான். இந்த வேலையில் நான் பார்த்த அநியாயங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவர்கள் வழியாகத்தான் நடந்தன. வில்லன் மாதிரி மீசை வைத்தவர் யாரையும் நான் அதிகமாகச் சந்தித்ததில்லை. நீ ஆபீஸில் பெரிய இடத்துக்கு வரும்போது, வழக்கம் என்று உன்னை யாராவது ஒன்றைச் சொல்லச் சொன்னால், வாயைத் திறக்குமுன் அது யாரைப் போய்ச் சேரும் என்று பார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. தெருவையோ சாதியையோ கேட்டு யாருக்கும் மண்டபத்தை மறுக்கக் கூடாது, பேச்சியம்மாள் கேட்கும் தேதி காலியாக இருந்தால் கொடுத்தாக வேண்டும் என்று நீதிபதி எழுதியிருந்தார். அப்பீல் போவோம், அப்பீல் போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்த நிர்வாகிகள் கடைசியில் போகவில்லை. ராமசுப்பு சார்தான் வேண்டாமென்று சொன்னாராம். கோர்ட்டில் உண்மை பேசிய குற்றத்துக்காகக் குருசாமி அண்ணாச்சியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அடுத்த முகூர்த்தத்திலேயே கரண்ட் போய், ஜெனரேட்டரை எப்படி ஓட்டுவதென்று யாருக்கும் தெரியாமல், மாப்பிள்ளை வீட்டார் இருட்டில் சண்டைக்கு வந்துவிட, அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மூத்த மகளுக்குக் கேட்ட மண்டபம் இளைய மகள் கனகாவுக்குக் கிடைத்தது. சட்டத்தின் வேகம் அம்புட்டுத்தான். இரண்டாம் மகள் இருந்ததால் பேச்சியக்காவுக்கு லாபம் என்று அப்பா சொன்னார். போன மாதம் அந்தக் கல்யாணத்துக்கு நானும் அவரும் போயிருந்தோம். ஜெயராணி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ, பந்தியில் முகம் சுளிப்பார்களோ என்று மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு கேஸுக்குத் தேவையான அளவுக்கு எல்லாவற்றையும் கவனித்து வைத்துக்கொண்டேன். தறிக்கூடத்து ஆட்கள் பூராவும் வந்திருந்தார்கள். முத்துலட்சுமி தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரையும் பந்திக்கு விரட்டிக்கொண்டிருந்தாள்.

முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டு ஹாலுக்குள் நுழைந்தால் அங்கே பேச்சியக்காவின் சத்தம். ஓடிப் போனேன். அக்கா இடுப்பில் கை வைத்து நிற்கிறார், எதிரே குருசாமி அண்ணாச்சி.

"ஏசி ஹாலுன்னுதான சொன்னீக? இது என்ன சூளையா? சம்பந்தக்காரவிய வேர்த்து ஊத்தி உக்காந்திருக்காக. பாயசத்த இவனுக எலையில ஊத்துறானா தரையில ஊத்துறானான்னு நீங்க வந்து பாத்தீகளா?"

"இந்தா தாயி, இப்ப போட்டுருதேன். பிரேக்கர் எறங்கிருச்சு."

"எறங்குனா ஏத்த வேண்டியதுதான? என்னத்துக்கு இருக்கீக?"

"இந்தா வாரேன், இந்தா வாரேன்," என்று அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். உன் அப்பாவும் பழக்க தோஷத்தில் பின்னாலேயே ஓடினார். எத்தனையோ கேஸ் நடத்தியிருக்கிறேன், தீர்ப்பு வாசிக்கக் கேட்டிருக்கிறேன். வாங்கிய மண்டபம் சரியில்லை என்று ஒரு பெண் சத்தம் போடுவதைக் கேட்க அத்தனை நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். கை தானாகப் பைக்குள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன மேடம், மூஞ்சி அப்பிடிப் போகுது? கேஸ் கீஸ் போட்ராதீக. இத நானே பாத்துக்கிடுதேன். நீங்க போயி எலையில உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். பாயசம் நன்றாக இருந்தது.

அன்புடன்,
அம்மா